27/12, முதல் மாடி

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த அந்த அக்கா "சரி" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பார்த்த விஷயமானால் "பார்த்தேன்" என்பார். பார்க்காததானால் "பார்க்கல" என்பார். நடுவில் ஒரு சொல்லை வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது.

எங்கள் அலுவலகம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லாரித் தார்ப்பாய் விற்கும் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே டீக்கடை. தினமும் காலையில் அங்கே அக்காவுக்கும் கடைக்காரருக்கும் ஒரு வழக்கு நடக்கும்.

"சக்கர கம்மியா போட்டியா?"

"போட்டேன்க்கா."

"போட்டியா, போட்டுருப்பியா?"

"எக்கா, காலங்காத்தால ஒரு டீக்கு ஏன்க்கா போலீசு வெசாரண வெக்கிற?"

"நீ போட்டத நான் பார்க்கல. அத்தான் கேக்கறேன்."

கடைக்காரர் அந்த டீயைக் கொட்டிவிட்டு அவர் கண்ணெதிரில் மறுபடி போடுவார். இதில் இருவருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது எரிச்சல்தான் வரும். என் கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும். கடை வாசலில் நிற்கும் டிரெய்லர் டிரைவர்கள் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்ப்பார்கள். அது எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பா காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒருநாள் படகின் அடித்தட்டில் ஐஸ் மேல் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. அதன் பிறகு இரண்டு பேர் பிடித்தால்தான் எழுந்திருப்பார். அம்மா மீன் விற்கிறவர். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். வேலைக்குச் சேர்ந்த அன்று சாப்பிடும்போதுகூட அந்த அட்டையைக் கழற்றவில்லை. அலுவலகத்தில் "என்ன", "இருக்கு" என்றுதான் பேசுவேன். வீட்டுப் படி ஏறும்போதுதான் "இன்னா"வும் "கீது"வும் திரும்பி வரும். அந்த அக்கா எங்கேயும் ஒரே பேச்சுதான். முதலாளியிடமும் அதே பேச்சு.

என் வேலை இணையதளங்களைச் சோதிப்பது. கையால் அல்ல. சோதனையை நிரலாக எழுதிவிடுவேன். அது தானாகப் பக்கங்களைத் திறக்கும், படிவம் நிரப்பும், பொத்தானை அழுத்தும். எதிர்பார்த்தது வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நானூறு சோதனை நாலு நிமிடத்தில் ஓடி முடியும். அக்காவின் வேலை கையால் பார்ப்பது. ஓரம் உடைந்த செல்போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்து, ஒரு தாளில் பேனாவால் குறிப்பார். அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் தவறியவர். எனக்கு இருபத்து மூன்று. ஆனாலும் அலுவலகத்தில் நான் அவருக்கு மேலே.

"நாலு நிமிசத்துல நானூறு வூட்டுக்குப் போயி கதவு தட்டிட்டு வந்துடுமா உன் மிசினு?" என்று ஒருமுறை கேட்டார்.

"வந்துடும் அக்கா."

"தொறந்தது யாருன்னு பார்த்துச்சாமா?"

நான் அடுத்த சோதனையை ஓட்டப் போய்விட்டேன்.

எல்லோரும் பக்கத்தைப் பார்ப்பார்கள். அவர் முதலில் பக்கத்துக்கு மேலே இருக்கும் முகவரியைப் பார்ப்பார். திரையில் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, கடைசி வரைக்கும் நகர்த்திக்கொண்டே போவார். பஸ்ஸில் பெயர்ப்பலகை படிக்கும் சின்னப் பிள்ளை மாதிரி உதடும் அசையும்.

"பாப்பா, இது இன்னா, தெரு பேரு போட்டா மேல பர்சன்ட்டு பர்சன்ட்டா வந்து குந்திக்கீது?"

இணைய முகவரியில் சில குறிகள் அப்படியே போகக் கூடாது என்று சொன்னேன். தமிழ் எழுத்தும் போகாது, இடைவெளியும் போகாது. எல்லாவற்றையும்விட ஆபத்து சாய்கோடு. முகவரியில் சாய்கோடு என்பது இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர். ஒரு பெயருக்குள்ளேயே சாய்கோடு இருந்தால், கணினி அதையும் சுவர் என்று நினைத்துப் பெயரை இரண்டாக வெட்டிவிடும். அதனால் அந்தச் சாய்கோட்டை %2F என்று மாற்றி அனுப்புவோம். சேர வேண்டிய இடத்தில் அது மறுபடி சாய்கோடாகிவிடும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "முக்காடு போட்டுகினு போவுதுன்னு சொல்லு. வூட்டுக்குள்ள போனப்பால எடுக்கும்."

"அதேதான்."

"நட்ட நடுவழில எவனாச்சும் முக்காட்ட இஸ்துட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியெல்லாம் யாரும் இழுக்க மாட்டாங்க அக்கா."

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை ஒரு பாதுகாப்புக் குழுவுக்கான இணையதளம். எங்கள் பக்கத்தில் காற்று மாறினால் ரசாயன ஆலைகளின் வாடை வரும். சில நாள் கண் எரியும், சில நாள் தொண்டை கரிக்கும், ஜன்னலைச் சாத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். நிஜமாகவே ஒருநாள் வாயு கசிந்து ஆலைச் சங்கு ஊதினால், நடக்கிறவர்கள் ஓடிவிடுவார்கள். நடக்க முடியாதவர்கள்? அவர்களுக்காகத்தான் இந்தத் தளம். வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பற்றிக் குடும்பத்தார் பதிந்து வைக்க வேண்டும். எந்தத் தெரு, எந்தக் கதவு, எந்த மாடி, யார், எத்தனை பேர் தூக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு தொண்டர் குழுவுக்கும் அவர்கள் போக வேண்டிய வீட்டின் இணைப்பு செல்போனில் முன்கூட்டியே போய்விடும். சங்கு ஊதியதும் அதை அழுத்தினால் அந்த வீட்டுப் பக்கம் திறக்கும். போய்த் தூக்கி வர வேண்டியதுதான்.

முதல் பதிவை நான்தான் போட்டேன். எங்கள் வீடு. கதவு எண் 27/12, முதல் மாடி, ஆண், இரண்டு பேர் தூக்க வேண்டும். அன்று மாலை அப்பாவிடம் சொன்னபோது, "நம்ம வூட்டு பேரு கம்பியூட்டர்ல ஏறிக்கீதா?" என்று மூன்று முறை கேட்டார்.

மெட்ராஸ் கதவு எண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் இரண்டு எண் உண்டு, புதியது ஒன்று, பழையது ஒன்று. எங்கள் வீட்டுக்குப் புது எண் 27, பழைய எண் 12. அதைச் சேர்த்து 27/12 என்று எழுதுவோம். எங்கள் தெருவின் மறுகோடியில் பழைய எண் 27 என்று ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் புது எண்ணை மதிப்பதே இல்லை. அவர்கள் கதவில் வெறும் 27; தளத்திலும் அப்படியே பதிந்திருந்தார்கள்.

இதையெல்லாம் அக்கா என்னைவிட நன்றாக அறிந்தவர். கொரோனா காலத்தில் இதே தெருக்களில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு எழுதும் வேலை பார்த்தவர். கூட வந்தவர்கள் சிலர் மர நிழலில் உட்கார்ந்து ஒரு தெரு முழுவதற்கும் "காய்ச்சல் இல்லை" என்று எழுதி முடித்துவிடுவார்களாம். இவர் தாளில் மட்டும் கட்டங்கள் காலியாக இருக்கும்.

"மூணு நாளா ஒரு வூடு பூட்டல, தொறக்கவும் இல்ல. உள்தாப்பா. மேல இருந்தவரு 'இல்லைன்னு போட்டு அனுப்பும்மா, எனக்குத் தாளு முடியணும்'னாரு. நான் பார்க்கலன்னு எய்தினேன். நாலாம் நாளு அந்த ஒரு கட்டத்துக்காக ஆளு வந்து கதவ ஒடச்சாங்க."

"என்ன அக்கா ஆச்சு?"

"ஆம்புலன்சு வந்துச்சி." டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

ஒத்திகை ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு என்று முடிவானது. பத்து வீடுகள், பத்துக் குழுக்கள். எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். இணையதளத்தை எழுதியவரும் அவரே. குழுவிடம் பெருமையாகக் காட்ட, "நம்ம பொண்ணு வீடு ஒண்ணு இருக்கட்டும்" என்று எங்கள் வீட்டை நாலாவது வீடாகச் சேர்த்தார். பத்தில் அது ஒன்றில்தான் சாய்கோடு இருந்தது. மற்றவை பெரும்பாலும் குடியிருப்பு பிளாக்குகள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா என் மேசைக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பாப்பா, உங்க நைனா எப்பம்மா கெய்வி ஆனாரு?"

"என்ன அக்கா?"

போனை நீட்டினார். எங்கள் வீட்டு இணைப்பை அழுத்தியிருந்தார். பக்கத்தில் "எண் 27, தரைத்தளம், மூதாட்டி, ஒருவர் தூக்க வேண்டும்" என்று இருந்தது.

என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. நிஜத் தளம் இருக்கும் சர்வரில் ஓட்டினேன். அந்த ஒரு சோதனை மட்டும் சிவப்பு. சாரிடம் போனேன். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார். சர்வருக்கு முன்னால் வாயிற்காவலன் மாதிரி ஒரு நிரல் இருக்கிறது. வருகிற முகவரியை எல்லாம் அதுதான் முதலில் வாங்கும். அது %2F-ஐ அங்கேயே சாய்கோடாக மாற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த தளம் 27 வரைக்கும் படித்துவிட்டு, 12-ஐ உபரி என்று தள்ளிவிட்டு, மறுகோடி வீட்டைத் திறந்துவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை கூட வரவில்லை. நடுவழியில் ஒருவன் முக்காட்டை இழுத்துவிட்டான்.

"இதைத் தொட்டா மத்ததும் ஆடும். ஒரு வாரம் வேணும்," என்றார் சார். "ஒத்திகை முடியட்டும். இப்போதைக்குச் சாய்கோட்டுக்குப் பதிலா சின்னக் கோடு போட்டுடலாம். 27-12. நிஜப் பட்டியல்ல நான் மாத்திடறேன். உன் சோதனையில நீ மாத்திடு."

மாற்றினேன். ஒரே ஒரு எழுத்து. ஓட்டினேன். நானூறும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும் மனசு எப்படி அடங்கியது என்று இப்போதும் நினைவிருக்கிறது. நிஜக் கதவில் இருக்கும் எண்ணை எடுத்துவிட்டு, என் நிரலுக்குப் பிடித்த எண்ணைக் கொடுத்தேன். அது சாப்பிட்டுவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தது.

சார் பட்டியலை வியாழக்கிழமை மாலை மாற்றினார். உடனே தளத்தைப் பூட்டினார். சனிக்கிழமை சங்கு ஊதும் வரை எந்த இணைப்பும் திறக்காது. குழுக்களின் செல்போனுக்கு இணைப்புகள் அதற்கு முந்தைய நாள், புதன்கிழமையே போயிருந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் சார் அக்காவின் தாளைக் கேட்டார். படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பத்து வரிசை. ஒன்பதில் "பார்த்தேன்" என்று இருந்தது. நாலாவதில் "பார்க்கல".

"இது என்ன?" என்றார் சார்.

"பார்க்கல சார்."

"நான்தான் மாத்திட்டேனே. சின்னக் கோடு."

"பட்டியல்ல மாத்திட்டீங்க. புதங்கெயம அனுப்பிச்சிட்டீங்களே லிங்கு, அது எந்தக் கோடு?"

சார் ஒரு நொடி நின்றார். நான் அந்த ஒரு நொடியைப் பார்த்தேன். "அதெல்லாம் சிஸ்டம் பார்த்துக்கும்மா."

"சிஸ்டம் பார்த்துக்கட்டும் சார். நான் பார்க்கல. அதத்தான் எய்திக்கீறேன்."

"பத்தும் பாஸ்னு போய்ச் சேரணும். அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த வேலை நமக்கு வரும். புரியுதா? உன் ஒரு வரிக்காகப் பதினோரு பேர் சும்மா உக்காரணுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் சொன்னேன்.

"அக்கா, நானூறு சோதனையும் பச்சை. இது உங்களுக்குப் புரியாது. நீங்க இதெல்லாம் படிச்சதில்ல."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"படிக்கலதான் பாப்பா. அத்தொட்டுதான் போய்ப் பார்த்துகினு கெடக்கறேன்."

"அப்போ நாளையிலேர்ந்து வீட்டுல உக்காந்து பாரு," என்றார் சார். "இங்க வர வேணாம்."

அக்கா டிபன் டப்பாவைப் பையில் போட்டார். சார்ஜரைச் சுருட்டினார். போகும்போது என் மேசையில் கை வைத்து, "நைனாவ நல்லா பார்த்துக்க," என்றார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சார் தாளை என் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். நான் "பார்க்கல" என்பதை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் "பாஸ்" என்று எழுதினேன். அவர் படம் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் குழுவினர் கூடினார்கள். முன்னால் பெரிய திரை. பத்துக் குழுக்களின் பெயரும், எதிரே அவரவர் வீடும். வேலை முடிந்த குழு தன் போனில் பொத்தானை அழுத்தினால் அந்த வரிசை பச்சையாகும். அம்மா அன்று மீன் எடுக்கப் போயிருந்தார். காலையிலேயே அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கதவுக்கு நேரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். "எத்தினி பேரு வருவாங்கோ?" என்று கேட்டார். "ரெண்டு பேரு நைனா. ஷோக்கா தூக்கிகினு போவாங்கோ," என்றேன்.

பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது.

ஆறாவது நிமிடம் முதல் பச்சை. பிறகு ஏழாவது குழு. பிறகு இரண்டாவது. பதினான்காவது நிமிடம் நாலாவது வரிசை பச்சையானது. சார் திரும்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சிரித்தேன். இருபது நிமிடத்தில் பத்தும் பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் முடிவதற்குள் என் போன் அதிர்ந்தது. அப்பாவின் எண். எடுத்தேன். அக்காவின் குரல்.

"பாப்பா, நான்தான். உங்க வூட்டு மாடிப்படில குந்திகினு கீறேன்."

"அக்கா? நீங்க எப்படி அங்க?"

"சங்கு ஊதி இருவது நிமிசமாவுது. ஒருத்தனும் வரல. உங்க நைனா வாசலையே பார்த்துகினு கீறாரு. இன்னான்னு சொல்லட்டும் அவருக்கு?"

"இல்லக்கா, வந்துட்டாங்கன்னு போட்டிருக்கே."

"எங்க போட்டுக்கீது?"

"ஸ்கிரீன்ல."

பின்னணியில் அப்பா இருமுவது கேட்டது.

"நான் கதவாண்ட கீறேன் பாப்பா," என்றார்.

மேடையில் குழுத் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் அலுவலகத்தைப் பாராட்டினார். சோதனை செய்த பெண் இங்கேதான் இருக்கிறாராமே, நாலாவது வீடே அவர் வீடாமே, மேலே வாருங்கள், இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். சார் என் முதுகில் தட்டி, "போ போ" என்றார்.

நான் போனைத் துண்டிக்காமலே மேடை ஏறினேன். ஆறு படி. அந்த ஆறு படிக்குள் எத்தனையோ நினைத்தேன். இதுவரை யாருக்கும் தெரியாது. ஒத்திகைதானே. திங்கட்கிழமை நானே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். எங்கள் வீட்டில் முதல் முறையாக ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள். நன்றி என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க நைனா இன்னும் வூட்லதான் கீறாரு."

அந்தப் பேச்சு அந்த ஒலிபெருக்கியில் வந்தது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு நின்றுவிட்டது.

"நாலாவது குழு வேற வூட்டுக்குப் போயிட்டாங்கோ. தெருக்கோடில இருக்கற பாட்டியத் தூக்கியிருப்பாங்கோ. தப்பு அவங்க மேல இல்ல, புதங்கெயம போன பழைய லிங்கு மேல. நாலாவது வூட்டத் திரும்பப் பார்க்காமலே பாஸ்னு எழுதினது நான்."

நாலாவது குழுவுக்குப் போன் போட்டார்கள். மறுகோடிப் பாட்டி வேனில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தன்னை எதற்காகத் தூக்கினார்கள் என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அவருக்கு ஒரே கோபம்.

சார் அன்று என்னோடு பேசவில்லை. குழுத் தலைவர்தான் பேசினார். பத்து நாள் அவகாசம், சாய்கோடு உள்ள எல்லா வீடும் திரும்பப் பார்க்கப்பட வேண்டும், பார்த்தவர் பெயர் வேண்டும் என்றார். வாயிற்காவலன் நிரலை சாரே மூன்று நாளில் திருத்தினார், அது இனி முக்காட்டைத் தொடாதபடி. பட்டியலிலும் சாய்கோட்டைத் திரும்பப் போட்டார். நான் என் சோதனையில் 27-12 என்பதை எடுத்துவிட்டு 27/12 என்று திரும்பப் போட்டேன். பச்சை வந்தது. இந்த முறை மனசு அடங்கவில்லை.

"அந்தம்மாவைக் கூட்டிட்டு வா," என்றார் சார் என் முகத்தைப் பார்க்காமல்.

ராயபுரத்தில் இறால் உரிக்கும் ஷெட் ஒன்றில் அக்கா வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெட்டிகளை எண்ணி எழுதும் வேலை. வாசலில் அவரைப் பற்றிக் கேட்டதும் அங்கிருந்த மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "அந்த அக்காவா? பெரிய பேஜாரும்மா. மேல ஒட்டிக்கீற சீட்டப் பார்த்து எய்துன்னா, ஒவ்வொரு பொட்டியா தொறந்து பார்த்துட்டுதான் எய்துது."

சார் கூப்பிடுகிறார் என்று அக்காவிடம் சொன்னேன். "உங்க வூட்டு லிங்கு மட்டும் வந்து பார்க்கறேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தார். தெருமுனையிலேயே நின்று அதே உடைந்த போனில் இணைப்பை அழுத்தினார். மேலே விரலை வைத்து நகர்த்தினார். "இருவத்தேழு. முக்காடு. பன்னெண்டு." பிறகு தெருவில் நடந்தார். எனக்குத் தெரிந்த தெருவில், அவர் பின்னால் நான் நடந்தேன்.

மாடிப்படியில் பாதி ஏறியதும் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, அன்னைக்கு உங்க தாள்ல 'பாஸ்'னு எழுதினது நான்."

"தெரியும். சாயங்காலமே குருப்புல போட்டோ போட்டாரே சாரு. பார்த்தேன். அது என் எய்த்து இல்ல."

"தெரிஞ்சும் மறுநாள் எங்க வூட்டுக்கு ஏன்க்கா வந்தீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். கேள்வியே புரியாதவர் போல இருந்தது முகம்.

"தெரிஞ்சதாலதான் வந்தேன். இந்த வூட்ட யாரும் பார்க்கலன்னு நம்ம மூணு பேத்துக்குதான தெரியும். நீங்க ரெண்டு பேரும் மண்டபத்துல கீறீங்கோ."

மேலே போய் அப்பா நீல பெயின்டில் எழுதியிருந்த 27/12-ஐ ஒருமுறை தொட்டார். போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். உள்ளே நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தார்.

"வாம்மா, குந்து," என்றார் அப்பா.

"வேல கீதுண்ணா."

நான் புதுத் தாளை நீட்டினேன். சாய்கோடு உள்ள முப்பத்தெட்டு வீடுகள். முதல் வரிசையில் "பார்த்தேன்" என்று எழுதினார். பேனாவை மூடி, தாளோடு என் கையில் கொடுத்தார்.

"மிச்சம், அக்கா?"

"மிச்சத்த நீ போய்ப் பாரு."

அவர் இறங்கித் தெருமுனை திரும்பும் வரை மாடியிலேயே நின்றேன். பிறகு நானும் இறங்கினேன். அடுத்த வீடு 31/14. போனில் அழுத்தி, மேலே விரலை வைத்து, கடைசி எழுத்து வரை படித்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே யாரோ மெதுவாக நகரும் சத்தம் கேட்டது. திறக்கும் வரை நின்றேன்.